கொங்குச் சோழன் வீரராசேந்திரன்: வாழ்க்கை இல்லாத ஓர் ஆட்சி வரலாறு (கி.பி. 1207–1256)

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டைச் சுமார் அரை நூற்றாண்டுக் காலம் ஆண்ட வீரராசேந்திரன் கொங்குச் சோழர் வரிசையில் மிக நீண்ட ஆட்சிக்கு உரியவன். அவன் பெயரில் கல்வெட்டுகள் நிரம்பக் கிடைத்தும் அவனது வாழ்க்கையைப் பற்றிய செய்தி ஏறத்தாழ ஏதும் இல்லை. இவ்வெறுமையைப் பிற்காலப் பட்டயங்களைக் கொண்டு நிரப்பும் முயற்சிகள் பல நிகழ்ந்துள்ளன. பேரூரின் தேவிசிறை அணை பற்றிய ஆணையையும், கருவூரிலும் பேரூரிலும் பொறிக்கப்பட்ட கம்மாளர் ஆணையையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, அவனது ஆட்சியைப் பற்றி எவற்றைச் சொல்ல இயலும், எவற்றைச் சொல்ல இயலாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கம்மாளர் ஆணையை ஐயத்துக்கு இடமின்றி அவனுக்கே உரியதாகக் கொள்ளும் வழக்கத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: கொங்குச் சோழர், வீரராசேந்திரன், கோனேரின்மைகொண்டான், கம்மாளர், தேவிசிறை, நொய்யல், பேரூர், கருவூர்.

முன்னுரை

கி.பி. 1207இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் ஓர் அரச குழந்தை பிறந்தது. ஒன்பதாம் வயதில் முடிசூடிய அக்குழந்தையே மூன்றாம் ஹென்றி. 1272 வரை 56 ஆண்டுகள் ஆண்ட அவனது அன்றாட நடவடிக்கைகள் அரச எழுத்தறையின் தோற்சுருள்களில் பதிவாயின. அவன் எவ்வூரில் தங்கினான், எவருக்கு மரம் வெட்ட அனுமதி தந்தான், எந்த மாளிகைச் சுவருக்கு வண்ணம் பூசச் சொன்னான் என்பன போன்ற செய்திகள் அவற்றில் உள்ளன. 1255இல் பிரான்சு மன்னன் அவனுக்கு ஒரு யானையைப் பரிசாக அனுப்பினான். அந்த யானைக்கு 40 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கொட்டில் அமைக்குமாறு ஹென்றி இட்ட ஆணையும் எஞ்சியுள்ளது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் அந்த யானையை ஓவியமாகவும் தீட்டி வைத்தார்.

ஹென்றி பிறந்த அதே ஆண்டளவில் கொங்கு நாட்டில் வீரராசேந்திரன் ஆட்சிக்கு வந்தான். ஆனைமலையைத் தன் நாட்டெல்லைக்குள் கொண்டிருந்த இம்மன்னனின் ஒரு யானையைப் பற்றியும் நமக்குத் தெரியாது. அவன் பிறந்த ஆண்டு, ஊர், உருவம், இறந்த விதம் ஆகியனவும் தெரியா. ஒருவன் சிறந்த மன்னன், மற்றவன் சாதாரணக் குறுநில மன்னன் என்பது இவ்வேறுபாட்டுக்குக் காரணமன்று. ஓலையில் எழுதியவை அழிந்து, கல்லில் வெட்டியவை மட்டும் நின்ற ஒரு நாட்டின் நிலை இது. கல்லில் எதை வெட்டுவது என்பதைத் தீர்மானித்தோர் பெரும்பாலும் கோயிலோடு தொடர்புடையோர் என்பதையும் மறத்தலாகாது.

சான்றுகளின் இயல்பு

கொங்கு வரலாற்றாய்வு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. கே.வி. சுப்பிரமணிய ஐயர், கோவைகிழார் கோ.ம. இராமச்சந்திரஞ் செட்டியார், மா. ஆரோக்கியசாமி, வீ. மாணிக்கம், புலவர் செ. இராசு, இரா. பூங்குன்றன் முதலானோர் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்கள். இவர்களில் இராமச்சந்திரஞ் செட்டியாரின் பணி இருமுகம் கொண்டது. கொங்கு நாட்டு வரலாற்றைக் கல்வெட்டுகளின் துணையோடு எழுதியவரும் அவரே. ‘சோழன் பூர்வ பட்டயம்’ என்னும் பிற்காலச் சுவடியைப் பதிப்பித்தவரும் அவரே. கரிகாலன் கொங்கு நாட்டுக்கு வந்து, காடு வெட்டி, நொய்யல் நெடுகக் கோயில்களை எடுப்பித்தான் என்று அப்பட்டயம் கூறுகிறது. இன்றும் இக்கரைக் கோயில்களின் தலவரலாறுகள் பலவற்றில் கரிகாலனே முன்னிற்கிறான். கல்வெட்டுகளிலோ கொங்குச் சோழரும் அவர்களுக்குப் பின்வந்த கொங்குப் பாண்டியரும் போசளருமே காணப்படுகின்றனர். 13ஆம் நூற்றாண்டு மன்னன் ஒருவனின் ஆட்சிக்கால நிகழ்வுகள் மக்கள் நினைவில் ஆயிரம் ஆண்டு முன்தள்ளப்பட்டுப் புகழ்பெற்ற பெயரொன்றின் மீது ஏற்றப்பட்டன என்று இதனைக் கொள்வது தகும். பட்டயத்தைப் பொய்யென ஒதுக்குவதைவிட, அது எழுதப்பட்ட காலத்தில் எவ்வெவ்வினத்தார் எவ்வெவ்வுரிமைகளை நாடினர் என்பதற்குச் சான்றாகக் கொள்வதே பயனுடையது. வீரராசேந்திரனின் காலத்துக்கு அது சான்றாகாது.

அவனது கல்வெட்டுகள் பேரூர், அவிநாசி, அன்னூர் முதலிய ஊர்களில் உள்ளன. பேரரசுச் சோழர் கல்வெட்டுகளில் வழக்கமாக இடம்பெறும் நீண்ட மெய்க்கீர்த்திகள் இவற்றில் பெரும்பாலும் இல்லை. மன்னனின் பெயர், ஆட்சியாண்டு, கொடையாளியின் நாடும் ஊரும் குடியும், கொடுத்த அச்சின் எண்ணிக்கை, அதனைப் பெற்றுக்கொண்ட கோயிற்காணியுடைய சிவப்பிராமணனின் பெயர், சந்திராதித்தவரை சந்தியாதீபம் எரிக்க அவன் ஒப்பிய உறுதி ஆகியவற்றோடு கல்வெட்டு முடிந்துவிடும். பழஞ்சலாகை அச்சு என்னும் நாணயப் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. வெள்ளாளர், மன்றாடிகள், வணிகர், தேவரடியார் எனக் கொடையாளிகள் பலதரத்தினர். இத்தகைய ஆவணத்தில் மன்னன் காலத்தைக் குறிக்கும் ஓர் அடையாளமாக மட்டுமே நிற்கிறான். ஒரு கிழமையைச் சொல்வது போல அவன் பெயர் சொல்லப்படுகிறது. அவனது பெயரில் கிடைக்கும் கல்வெட்டுகளின் எண்ணிக்கையை வைத்து அவனை ‘கொடைவள்ளல்’ எனப் புகழும் நூல்கள் உண்டு. அக்கொடைகள் பெரும்பாலும் அவனுடையவை அல்ல.

பெயரும் காலமும்

வீரராசேந்திரன் என்னும் பெயரே ஒரு குழப்பத்துக்கு வித்து. கி.பி. 1063 முதல் 1070 வரை ஆண்ட பேரரசுச் சோழனுக்கும் இதே பெயர். அப்பேரரசனின் நான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ளது. கொங்குச் சோழர், பேரரசரின் பட்டப்பெயர்களையும் இராசகேசரி, பரகேசரி என்னும் மாறிமாறி வரும் விருதுகளையும் தாமும் கொண்டனர். எனவே எழுத்தமைதி, நாணயப் பெயர், உடன்வரும் வானியற் குறிப்பு ஆகியவற்றை ஒருங்கே நோக்காமல் ஒரு கல்வெட்டை இன்ன வீரராசேந்திரனுக்கு உரியது என்று துணிதல் இயலாது. திங்கள், பக்கம், கிழமை, நாள்மீன் ஆகியவை ஒருசேர வரும் கல்வெட்டுகளைச் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளோடு ஒப்பிட்டே அவனது தொடக்க ஆண்டு ஏறக்குறைய 1207 எனக் கணிக்கப்பட்டது. 1256ஐ ஒட்டி விக்கிரம சோழனின் ஆட்சி தொடங்குவதால் இறுதியாண்டும் ஓரளவு உறுதிப்படுகிறது.

இவ்வரையறைக்குள் அடங்கும் காலம் தமிழக அரசியல் தலைகீழான காலம். மூன்றாம் குலோத்துங்கன் கருவூரில் வெற்றிமுடி சூடிச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. கொங்கு மண்டலத்துக்குச் சோழகேரள மண்டலம் என்ற பெயரும் அவனது வெற்றியின் விளைவு. 1216ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். மூன்றாம் இராசராசனைக் கோப்பெருஞ்சிங்கன் 1231இல் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசளன் இரண்டாம் நரசிம்மனின் தண்டநாயகர்கள் வந்து அவனை மீட்டனர். அடுத்துப் பட்டமேறிய சோமேசுவரன் திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில் அமர்ந்து காவிரிச் சமவெளியையே மேற்பார்த்தான். போசளரின் மைசூர்ப் பீடபூமியும் பாண்டியரின் மதுரையும் கொங்கின் இருபுறமும் இருந்தன. இவ்விரு பெருவலிமைகளுக்கு இடையே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஒருவன் அரியணையில் இருந்தான் என்பதே எந்த மெய்க்கீர்த்தியையும்விட வலுவான செய்தி. வடகொங்கையும் தென்கொங்கையும் ஒருசேர ஆண்டவன் என்று அவன் குறிக்கப்படுகிறான். அவனுக்குப் பின் அந்த ஒருமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1265ஐ ஒட்டிக் கொங்குப் பாண்டியன் வீரபாண்டியன் தலையெடுக்கிறான்.

போர்கள் நிகழ்ந்திருக்கலாம், அடிபணிந்து திறை செலுத்திய ஆண்டுகளும் இருந்திருக்கலாம். அவற்றை எழுதப் போதிய சான்று இல்லாதபோது எழுதாதிருப்பதே முறை.

தேவிசிறை: ஓர் ஆற்றின் மீது இரு அணைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த கோவைப் பகுதியின் ஆண்டு மழை 700 மி.மீ.க்கும் குறைவு. வெள்ளியங்கிரிச் சாரலில் பிறந்து சுமார் 180 கி.மீ. ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலில் வெள்ளம் வருவது பருவத்தில் சில வாரங்களே. அச்சில வாரத்து நீரை அணைகட்டி வாய்க்காலில் திருப்பிக் குளங்களில் தேக்கி வைத்தால்தான் நெல் விளையும். காடும் மேய்ச்சலும் மிக்கிருந்த கொங்கில் மன்றாடிகளின் நாடு உழுகுடிகளின் நாடாக மாறியதன் அச்சாணி இந்த அணைகளே.

பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் உள்ள ஆணை ஒன்று, ஆய்வாளரால் வீரராசேந்திரனின் ஆட்சிக்காலத்ததாகக் கொள்ளப்படுவது. நொய்யலில் தேவிசிறை என்னும் புதிய அணையைக் கட்டிக்கொள்ள அது இசைவளிக்கிறது. இசைவு நிபந்தனைக்கு உட்பட்டது. அதே ஆற்றில் முன்பே இருந்த கோளூர் அணைக்குச் செல்லும் நீர் குறையலாகாது. பழைய அணையின் தேவை நிறைந்த பின்னரே புதிய அணைக்கு நீர். இவ்வளவே செய்தி. ஆனால் இதிலிருந்து பெறப்படுவன பல.

முதலாவதாக, அணையைக் கட்டுவோன் மன்னன் அல்லன். ஊரார் கட்டுகின்றனர், மன்னன் இசைவு தருகிறான். அரசனே அணைகட்டிக் குளந்தொட்டு வளம் பெருக்கினான் என்னும் பாடநூல் வாய்பாடு இங்குப் பொருந்தாது. இரண்டாவதாக, நீருரிமையில் முன்னவர் முதல்வர் என்னும் கோட்பாடு அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. அதனை மன்னன் புதிதாகப் படைத்தான் எனக் கொள்ளச் சான்றில்லை. ஊர்களிடையே நிலவிய வழக்கை அவன் ஆணையாக்கினான் எனக் கொள்வதே பொருத்தம். மூன்றாவதாக, இத்தகைய நிபந்தனை சும்மா பிறப்பதில்லை. கோளூர் அணையின் பாசனத்தார் முறையிட்டிருக்க வேண்டும். அல்லது முறையிடுவர் என்ற அச்சமேனும் அரண்மனைக்கு இருந்திருக்க வேண்டும். கல்வெட்டில் அவர்கள் குரல் இல்லை. நிபந்தனையின் வடிவில் மட்டுமே அவர்கள் அங்கே இருக்கின்றனர்.

ஆணையைக் கோயிற் சுவரில் வெட்டியதும் கருதத்தக்கது. இரு பாசனத்தாரும் வந்து வணங்கும் இடம் அது. ஓலையை ஒரு தரப்பார் வைத்திருந்தால் மற்றவர் மறுக்கலாம். பட்டீசுவரர் சுவரில் இருப்பதை மறுப்பது எளிதன்று. தொல்லியலாளர் இன்று அச்சுவரைக் ‘கல்வெட்டுத் தொகுதி’ என்பர். அக்காலத்து உழவனுக்கு அது பத்திரப் பதிவு அலுவலகம்.

இந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கொங்குப் பாண்டியன் வீரபாண்டியன் காலத்தில் வாழ்ந்த காலிங்கராயன், பவானி ஆற்றில் அணைகட்டி வெட்டிய வாய்க்கால் இன்றும் பாய்கிறது. அவன் பெயரை ஈரோட்டுப் பகுதியில் அறியாதார் இல்லை. அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே நொய்யல் நீரை முறைப்படுத்திய மன்னனின் பெயரைப் பேரூரிலும் அறிந்தோர் அரியர். வாய்க்காலுக்குப் பெயர் உண்டு. நிபந்தனைக்குப் பெயர் இல்லை.

கம்மாளர் ஆணை: எவனுடையது?

வீரராசேந்திரனின் ஆட்சியோடு மிகுதியும் இணைத்துப் பேசப்படும் ஆவணம் கம்மாளருக்கு வழங்கப்பட்ட உரிமை ஆணை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் வெளியான கருவூர்ப் படி, வெங்கால நாட்டுக் கம்மாளரை விளித்துப் பேசுகிறது. பேரூரிலும் அத்தகைய ஆணை உண்டு. பதினைந்தாம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல், கம்மாளர் தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம். பேரிகை முதலியன கொட்டுவிக்கலாம். வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள்.

ஆணையிட்டவன் தன்னைக் கோனேரின்மைகொண்டான் என்கிறான். இது இயற்பெயரன்று. அரசனின் நேர் ஆணையைக் குறிக்கும் இப்பொதுப் பட்டத்தை முதலாம் இராசராசன் முதல் பாண்டியர் வரை பலரும் பயன்படுத்தினர். எனவே ஆளைக் கண்டறிய எஞ்சும் தடயம் ‘பதினைந்தாம் ஆண்டு’ ஒன்றே. கிழமையோ நாள்மீனோ தரப்படாததால் வானியற் கணிப்புக்கும் வழியில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆண்ட கொங்கு மன்னர்களில் இக்காலப் பரப்பில் மூவரேனும் கருதத்தக்கவர். 1149இல் தொடங்கிய குலோத்துங்கன் எனின் ஆணையின் ஆண்டு 1163. வீரராசேந்திரன் எனின் 1221. கொங்குப் பாண்டியன் வீரபாண்டியன் எனின் 1279. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டு இடைவெளிக்குள் எழுத்தமைதி கொண்டு மட்டும் ஒன்றைத் தேர்தல் கடினம்.

வீரராசேந்திரனைச் சார்ந்து நிற்கும் வாதம், ஆணை பரவிய பரப்பிலிருந்து எழுகிறது. கருவூரும் பேரூரும் நூறு கி.மீ.க்கு மேல் விலகியவை. கொங்கின் கீழ்க்கோடியும் மேற்கோடியுமாய் இருப்பவை. வெவ்வேறு நாட்டுக் கம்மாளருக்கு ஒரே வாசகத்தில் ஆணை செல்ல வேண்டுமெனின், இருகொங்கையும் ஒருசேர ஆண்டவனின் காலம் பொருத்தமானது. இது நல்ல வாதம்; ஆயினும் வாதமே, சான்றன்று. ‘வீரராசேந்திரன் கி.பி. 1221இல் கம்மாளருக்கு உரிமை வழங்கினான்’ என்று ஐயமின்றி எழுதும் வழக்கம் கைவிடத்தக்கது. பேரூர், கருவூர்ப் படிகளை ஒரே கையாய்வில் வைத்து எழுத்துவடிவம், சொல்வடிவம், சுவரில் அவை அமைந்த கட்டடப் பகுதியின் காலம் ஆகியவற்றை ஒப்பிட்டால் இவ்வினாவில் ஓரடி முன்னேறலாம். ஒரு மண்டபம் 1163க்குப் பின் எழுந்தது என நிறுவப்பட்டால் குலோத்துங்கனின் உரிமை வலுவிழக்கும். பழைய ஆணையைப் பின்னர் மீள வெட்டியிருக்கலாம் என்ற ஐயம் மட்டும் எஞ்சும்.

எவனுடையதாயினும் ஆணையின் உள்ளடக்கம் நிற்கிறது. அதனை அரசனின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டும் எழுத்துகள் ஆணையின் முதல்நாளைப் பற்றி வினவுவதில்லை. தச்சர், கல்தச்சர், கொல்லர், தட்டார், கன்னார் என்னும் ஐந்தொழிலோர், அவ்வாடி மாதத்துக்கு முன் செருப்பின்றி நடந்தனர் என்பதையும், சாந்து பூசாச் சுவருக்குள் வாழ்ந்தனர் என்பதையும் உரிமையாணையே ஒப்புக்கொள்கிறது. பிறர் மாளிகைக்கும் இறைவன் விமானத்துக்கும் சுதை தீட்டிய கைகள், தம் வீட்டுச் சுவருக்குத் தீட்ட அரசாணைக்குக் காத்திருந்தன.

இங்கிலாந்தில் 1363இல் மூன்றாம் எட்வர்டு மன்னனின் காலத்தில் நிறைவேறிய சட்டம், எத்தரத்தார் எத்துணி உடுக்கலாம், எவ்வுணவு உண்ணலாம் என வரையறுத்தது. அங்குத் தடையே சட்டமாக எழுதப்பட்டது. எனவே தடைவிதித்தவர் யார் என்பது தெரியும். கொங்கில் எழுத்தில் இருப்பது தடைநீக்கம் மட்டுமே. தடையை விதித்த ஆவணம் எதுவும் இல்லை, அது ஊர்வழக்கு. வழக்கைக் காத்தவர் யார், ஆணைக்குப் பின் அவர்கள் அடங்கினரா என்பதைக் கல் சொல்லவில்லை. ஒரே வகை ஆணை வெவ்வேறு நாட்டாரை விளித்துத் தனித்தனியே வெட்டப்பட்டது என்பதில் ஒரு குறிப்பு இருக்கலாம். ஓரிடத்தில் கிடைத்த உரிமை பிறிதிடத்தில் தானே செல்லுபடியாகவில்லை. நாடுதோறும் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

கம்மாளரின் சமூக நிலை குறித்து விஜயா இராமசாமி ஆராய்ந்துள்ளார். கோயிற் கட்டுமானம் பெருகிய காலத்தில் கைவினைஞரின் தேவை உயர, அவர்கள் தம் வரிசைகளை வற்புறுத்தும் வலிமை பெற்றனர் என்னும் நோக்கில் கொங்கு ஆணையையும் பார்க்கலாம். கருங்கல் கோயில்கள் கொங்கெங்கும் எழுந்த காலம் இது. கல்தச்சர் ஒருநாடு விட்டு மறுநாடு செல்லின் பணி நின்றுவிடும். அரசனின் அருளும் கம்மாளரின் பேரமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அன்றியும் அவ்வாணையைச் சுவரில் வெட்டிய உளி கம்மாளர் ஒருவரின் கையில் இருந்த உளியே. தன் இனத்தார்க்குச் செருப்பணியும் உரிமையை வெட்டியவர், அன்று மாலை எவ்வாறு வீடு திரும்பினார் என்று எண்ணாதிருத்தல் அரிது.

சமூக வரலாறுகளும் ஒரு மன்னனும்

கடந்த சில பத்தாண்டுகளில் கொங்குப் பகுதியில் இனவாரியான வரலாற்று நூல்கள் பெருகியுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மன்னனை, ஒரு பட்டயத்தை, ஒரு காணியூரைத் தேடுகிறது. வீரராசேந்திரனின் கல்வெட்டுகள் இத்தேடலுக்கு வளமான நிலம். கொடையாளியின் குடிப்பெயரும் ஊர்ப்பெயரும் அவற்றில் தெளிவாக இருப்பதே காரணம். குடிப்பெயர்கள் எட்டு நூற்றாண்டுகள் தொடர்வதைக் காட்டுவதில் இந்நூல்களுக்குப் பங்குண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் சந்தியாதீபத்துக்குச் சில அச்சுக் கொடுத்த ஒருவரை அவ்வூரின் ஆட்சித்தலைவராக்குவதும், கொடையை ஏற்ற சிவப்பிராமணரைக் குலகுருவாக்குவதும் கல்வெட்டு தாங்காத சுமைகள். விளக்குக் கொடை கொடுத்த பெண்களின் பெயர்கள் இந்நூல்களில் பெரும்பாலும் அடிக்குறிப்புக்கே போய்விடுவதும் கவனிக்கத்தக்கது.

மன்னனைப் பொறுத்தவரை இன்று செய்யக்கூடிய பணி தெளிவானது. அவன் பெயரில் உள்ள கல்வெட்டுகள் அனைத்தையும் ஆட்சியாண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் எந்நாட்டில் உள்ளது என்பதை வரைபடத்தில் குறிக்க வேண்டும். எவ்வாண்டில் எந்நாட்டுக் கல்லில் அவன் பெயர் முதலில் தோன்றுகிறது, எவ்வாண்டுக்குப் பின் மறைகிறது என்பது தெரிந்தால், இரு கொங்கும் ஒன்றான காலமும் பிரியத் தொடங்கிய காலமும் புலப்படும். கடத்தூர், கொழுமம் போன்ற அமராவதிக் கரை ஊர்களின் சான்றுகளை நொய்யற்கரைச் சான்றுகளோடு சேர்த்துப் பார்ப்பது இதில் இன்றியமையாதது. கோயில் திருப்பணிகளில் கல்வெட்டுச் சுவர்களின் மீது மணல்வீச்சுத் துப்புரவும் வண்ணப்பூச்சும் நிகழ்ந்துவரும் நிலையில், மைப்படி எடுக்கப்படாத வரிகளை முதலில் படியெடுத்தாக வேண்டும்.